உஷார்! மொட்டை மாடிப் பெட்டி காட்டும் 100 எம்பிபிஎஸ் உங்களுடையது இல்லை

ஃபைபர் கேபிளைத் துண்டித்துவிட்டு ஏர்ஃபைபருக்கு மாறப்போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களும், ஆன்லைனில் தேர்வு எழுதும் பிள்ளைகளைப் பெற்றவர்களும் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஏர்ஃபைபர் கம்பியில்லா இணைப்பு. அதற்காக மாடியில் மாட்டும் பெட்டி, அருகிலுள்ள 5ஜி டவரிலிருந்துதான் சிக்னல் வாங்குகிறது. அந்த வட்டாரத்துச் செல்போன்களுக்கும் அதே டவர்தான். யாருக்கு எவ்வளவு என்பதை டவரின் ஷெட்யூலர் மென்பொருள் நொடிக்கு ஆயிரம் தடவைக்குக் குறையாமல் தீர்மானிக்கிறது. அங்கே எல்லோரும் சமம் இல்லை. போன் காலுக்கு இடம் உறுதி. சாதாரண இன்டர்நெட்டுக்கு மிஞ்சியதுதான். ராத்திரியில் போனில் குரல் கணீரென்று கேட்க, டிவியில் படம் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்பது இதனால்தான்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. சிக்னல் நன்றாக இருக்கும் வீட்டுக்கு ஒரு துடிப்பில் 8 பிட் வரை அனுப்பலாம்; சிக்னல் மோசமான வீட்டுக்கு 2 பிட்தான். அதே படத்தைப் பார்க்க இந்த இரண்டாவது வீடு டவரின் நேரத்தை நான்கு மடங்கு எடுத்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் சிக்னல் முழுதாக இருந்தாலும், அடுத்த தெருவின் பலவீனம் உங்கள் வேகத்தைத் தின்றுவிடும்.

அப்லோடு நிலைமை இன்னும் மோசம். 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜியில் ஒரே அலைவரிசையைத்தான் டவுன்லோடும் அப்லோடும் மாறி மாறிப் பயன்படுத்துகின்றன. பெரும்பகுதி நேரம் டவுன்லோடுக்கே போகிறது. மீட்டிங்கில் உங்கள் முகம் உறைந்து நின்றால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

பிராட்பேண்டுக்கான அரசின் வரையறை காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். 2023 ஜனவரியில் திருத்தப்பட்ட வரையறைப்படி, டவுன்லோடு வேகம் குறைந்தது 2 எம்பிபிஎஸ் இருந்தாலே அது பிராட்பேண்ட்!

கேபிளே எட்டாத ஊர்களுக்கு இது வரப்பிரசாதம், மறுக்கவில்லை. ஆனால் கேபிள் இருப்பவர்கள், பெட்டி மாட்ட வருபவர் பட்டப்பகலில் காட்டும் ஸ்பீட் டெஸ்ட்டை நம்பி ஏமாறாதீர்கள். இரவு 8 முதல் 11 வரை, சனி ஞாயிறும் சேர்த்து, நீங்களே சோதியுங்கள். அப்லோடையும், தாமதத்தைக் காட்டும் பிங்கையும் பாருங்கள். மாத டேட்டா வரம்பு முடிந்தபின் வேகம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வேகம் விழுந்தால் நிறுவனத்திடம் புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அங்குள்ள மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போங்கள். தனிநபர் புகார்களைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நேரடியாகத் தீர்ப்பதில்லை.

ஒரு மாதம் பார்க்கும்வரை பழைய இணைப்பைத் துண்டிக்காதீர்கள். ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டவே கட்டாதீர்கள்.