குழந்தைகளுக்கு என்ன புஸ்தகம் கொடுப்பது?

பரீட்சை முடிவுகள் வெளியாகும் காலத்தில் உபாத்தியாயர்கள் மயிலைக் குளக்கரைப் பக்கம் உலாவப் போகாமல் இருப்பதே விவேகம். அந்த விவேகமின்றி நான் ஒரு நாள் மாலை போயிருந்தபோது, என் மாணவன் ஒருவனுடைய தந்தையார் என்னைப் பிடித்துக் கொண்டார். பையன் ஒரு பாடத்தில் தவறிவிட்டானாம். மூன்று தினங்களாக யாரோடும் பேசுவதில்லையாம். சாப்பிடுவதற்குக்கூட இரண்டு முறை கூப்பிட வேண்டியிருக்கிறதாம்.

"கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவர்களுடைய கதையாக நாலைந்து புஸ்தகம் சொல்லுங்கள், ஸார். அவர்களெல்லாம் தெருவிளக்கில் படித்தார்கள். உனக்கு மின்சார விளக்கும் விசிறியும் இருந்தும் இந்த லட்சணமா என்று அவனுக்கு உறைக்கட்டும்!" என்றார்.

புஸ்தகங்களின் பெயரைச் சொல்ல எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அவற்றைப் பிரம்பாக உபயோகிப்பதற்குத்தான் ஆட்சேபம். ஏற்கெனவே தலை குனிந்திருக்கும் பிள்ளையின் முன்னால் ஒரு மஹானைக் கொண்டு வந்து நிறுத்தினால் அவன் தலை நிமிராது. இன்னும் சற்றுத் தாழும். "அவர் மஹான், நான் அற்பன்" என்று புஸ்தகத்தை மூடி வைத்துவிடுவான். அதற்குமேல் அந்த மஹானிடத்தில் ஜன்மத்துக்கும் ஒரு வெறுப்பு உண்டாகிவிடும்.

ஆகையால் இத்தகைய நூல்களைத் தேர்ந்தெடுப்பதற்கு நான் இரண்டு அடையாளங்களை வைத்துக் கொண்டிருக்கிறேன். ஒன்று, கதாநாயகர் தாம் விழுந்த இடத்தை மறைக்காமல் சொல்லியிருக்க வேண்டும். மற்றொன்று, அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தவர் யார் என்பதும் அதில் தெரிய வேண்டும். இவ்விரண்டும் பொருந்திய ஐந்து புஸ்தகங்களை அந்த நண்பருக்குச் சொன்னேன். அவற்றையே இங்கும் சொல்லுகிறேன்.

ஓலைச்சுவடியும் ஒரு கேள்வியும்

முதலாவது, மஹாமஹோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் 'என் சரித்திரம்'. இது 1940-ஆம் வருஷம் முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வெளிவந்தது. 1942-இல் ஐயரவர்கள் காலமானதால் முற்றுப் பெறாமலே நின்றது. 1950-இல் புஸ்தகமாயிற்று. கனத்தைக் கண்டு குழந்தைகள் அஞ்ச வேண்டாம். பத்திரிகைக்காக எழுதியதாகையால் 122 சிறு அத்தியாயங்களாகப் பிரிந்திருக்கிறது. இரவில் ஒன்று என்று படிக்கலாம்.

தகப்பனார் சங்கீத வித்துவான். நிலையான வருமானம் கிடையாது. பிள்ளைக்குத் தமிழ் சொல்லித் தரக்கூடியவர் எங்கே அகப்படுவார் என்று குடும்பமே ஊர் ஊராகக் குடி பெயர்கிறது. அரியலூர், குன்னம், செங்கணம் என்று அலைந்து, கடைசியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் வந்து சேருகிறார்கள். வறுமையின் விவரங்கள் பல இருக்கின்றன. ஆனால் என் மாணவர்களை மிகவும் கவர்வது வறுமைப் பகுதியன்று.

1880-இல் தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது தம்முடைய கும்பகோணம் காலேஜ் உத்தியோகத்தை ஐயரவர்களுக்கு வாங்கித் தருகிறார். இருபத்தைந்து வயதில் காலேஜ் பண்டிதர்! அப்போது அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்ன என்ன படித்திருக்கிறீர்கள் என்று விசாரிக்கிறார். ஐயரவர்கள் அந்தாதி, உலா, கோவை என்று நீண்ட ஜாபிதாவையே ஒப்பிக்கிறார். முதலியார் முகத்தில் வியப்பே தோன்றவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. மற்றப் பழைய நூல்கள்? அவையும் இல்லை.

"தெரியாது" என்று ஒப்புக்கொண்ட அந்த நாளிலிருந்துதான் பெரிய சாமிநாதையர் பிறக்கிறார். செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்து, ஒன்றோடொன்று ஒப்பு நோக்கி, 1887-இல் சிந்தாமணியை அச்சிடுகிறார். பின்னர் 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் வெளிவருகின்றன. வகுப்பில் விடை தெரியாமல் விழிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து உண்டோ? புஸ்தகத்தை முடித்த குழந்தைகளைப் பெஸன்ட் நகரிலுள்ள அவர் பெயர் கொண்ட நூல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே பாதுகாக்கப்படும் சுவடிகள் நூறு பிரசங்கங்களுக்குச் சமானம்.

நா எழாத வக்கீல்

இரண்டாவது, காந்தியடிகளின் 'சத்திய சோதனை'. 1925 முதல் 1929 வரை நவஜீவன் பத்திரிகையில் குஜராத்தியில் தொடராக வந்த சுயசரிதை. பள்ளிக்கூட மணி அடித்தவுடன், யாராவது பேச்சுக் கொடுத்துவிடப் போகிறார்களே என்று வீட்டுக்கு ஓடிவிடும் சங்கோசக்காரச் சிறுவன் இதில் வருகிறான். அவனே சீமைக்குப் போய்ப் பாரிஸ்டராகித் திரும்பி, பம்பாய்க் கோர்ட்டில் முதல் வழக்குக்கு எழுந்து நிற்கிறான். தலை சுற்றுகிறது; கேட்பதற்கு ஒரு கேள்வியும் தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டு, வாங்கிய முப்பது ரூபாயையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். ஒரு தேசத்தையே பேச வைத்தவர் ஒரு காலத்தில் இப்படி வாயடைத்து நின்றார் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா? சிறு குழந்தைகளுக்குச் சில அத்தியாயங்களைப் பெற்றோரே பொறுக்கிப் படித்துக் காட்டுவது நலம்.

கடற்கரை வீட்டின் கதை

மூன்றாவது, மோனிகா பெல்ட்டன் என்ற ஆங்கில மாது எழுதி 1966-இல் வெளியான, சகோதரி சுப்பலட்சுமியின் சரித்திரம். இது நம் மயிலாப்பூர்ச் சரித்திரம். சுப்பலட்சுமி 1886-இல் இங்கேதான் பிறந்தார். பதினோரு வயதில் விவாகம். சொற்ப காலத்தில் வைதவ்யம். அக்காலத்தில் அத்தகைய குழந்தைக்கு ஊரார் விதித்த வாழ்க்கை யாவருக்கும் தெரியும். ஆனால் அவருடைய தகப்பனார் அதற்கு இணங்கவில்லை. பெண்ணைப் படிக்க வைத்தார். இளமையிலேயே கணவரை இழந்தவரான சிறிய தாயார் பக்கபலமாக நின்றார். ஊரார் ஏச்சுக்கிடையே படித்து, 1911-இல் சுப்பலட்சுமி பி.ஏ. பட்டம் பெற்றார்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் அது ஒருவருடைய வெற்றி. மறு வருஷமே தம்மைப் போன்ற பால்ய விதவைகள் சிலரைச் சேர்த்துக் கொண்டு ஓர் இல்லம் ஆரம்பித்தார். அது வளர்ந்து, ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்து வைத்த ஐஸ் ஹவுஸ் கட்டிடத்துக்குக் குடி புகுந்தது. 1897-இல் விவேகானந்த ஸ்வாமிகள் தங்கிய அதே கட்டிடம். தலை நிமிர்ந்து நடக்கவே அஞ்சிய பெண்கள் அங்கிருந்து உபாத்தியாயினிகளாக வெளியே வந்தார்கள். தியாகராய நகரில் ராமகிருஷ்ண மிஷன் நடத்தும் சாரதா வித்தியாலயம் அவர் ஊன்றிய விதையின் பயன். கடற்கரைக்குப் போகும்போது சுண்டலுக்கு முன்போ பின்போ அந்தக் கட்டிடத்தைக் காட்டி இக்கதையைச் சொல்லுங்கள். பெண் குழந்தைகளுக்கு மாத்திரமல்ல, பிள்ளைகளுக்கும்.

இன்னும் இரண்டு

ஹெலன் கெல்லர் 1903-இல் வெளியிட்ட தம் வாழ்க்கைக் கதை நான்காவது. பத்தொன்பது மாதக் குழந்தையாயிருக்கையில் கண்ணையும் செவியையும் ஒருங்கே இழந்தவர் அவர். ஆன் ஸலிவன் என்ற ஆசிரியை, குழாயிலிருந்து விழும் நீரில் அவருடைய ஒரு கையைக் காட்டி, மறு கையில் 'நீர்' என்ற சொல்லை விரலால் எழுதும் கட்டத்தைப் பத்து வயதுக் குழந்தையும் மூச்சு விடாமல் கேட்கும். அந்த ஆசிரியை ஏழைகள் விடுதியில் வளர்ந்தவர். தாமும் பார்வைக் குறைவால் வருந்தியவர்.

ஐந்தாவது, அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்'. ஆங்கில மூலம் 1999-இல் வெளிவந்தது. இராமேசுவரத்துச் சிறுவன், யுத்த காலத்தில் ஓடும் ரயிலிலிருந்து எறியப்படும் பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்குவதற்கு உதவி செய்து தன் முதற் சம்பாத்தியத்தைப் பெறுகிறான். குரோம்பேட்டையில் பொறியியல் கற்க இடம் கிடைத்தபோது பணமில்லை. தமக்கை ஜொகரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைக்கிறார். ராக்கெட்டுகள் பறக்கும் பகுதியை விரும்பிப் படிக்கும் பிள்ளைகள் அந்த வளையல்களையும் மறவாதிருக்க வேண்டும்.

இவ்வளவையும் கேட்டுக் கொண்டிருந்த நண்பர், "தெருவிளக்கைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே!" என்றார்.

"தெருவிளக்கு இருக்கட்டும். தாங்கள் எந்தப் பரீட்சையிலாவது தவறியதுண்டா?" என்று கேட்டேன்.

சற்று நேரம் குளத்தையே பார்த்துக் கொண்டிருந்தார். காலேஜ் முதல் வருஷத்தில் கணக்கில் தவறியதையும், தமையனார் கோபிக்காமல் மறுபடியும் சம்பளம் கட்டியதையும் மெல்லச் சொன்னார். பிள்ளைக்கு அது தெரியுமா என்றேன். தெரியாது என்று தலையசைத்தார்.

"அப்படியானால் இன்றிரவு அதைச் சொல்லுங்கள். புஸ்தகங்களை நாளைக்கு வாங்கலாம்" என்று சொல்லி விடைபெற்றுக் கொண்டேன்.