துளி இரத்தமும் துணிந்த சொல்லும்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வயது முதிர்ந்த ஆடவர் பலர் வெளியிற் சொல்லாது மறைக்கும் துன்பம் ஒன்றுண்டு. நள்ளிரவிலே, கொட்டும் பனியில், நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்து செல்வர். அதனை மகனிடமோ மருமகளிடமோ கூற நாணுவர். வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் மகனுக்கு ஒரு நாட்பேர் போய்விடுமே என்றும் அஞ்சுவர். "வயதாயிற்று" என்ற சொல்லோடு எல்லாம் அடங்கிவிடும்.

பெரும்பாலும் அது புரொஸ்டேட் சுரப்பியின் சாதாரண வீக்கமே. ஆயினும் அதே சுரப்பியிற் புற்றுநோயும் தோன்றுவதுண்டு. தொடக்கத்தில் அது அறிகுறி எதுவும் காட்டாமலே வளரக்கூடும்.

அச்சுரப்பி சுரக்கும் புரதமொன்றை அமெரிக்காவின் ரோஸ்வெல் பார்க் நிலைய ஆய்வாளர்கள் 1979ஆம் ஆண்டில் தூய நிலையிற் பிரித்தெடுத்தனர். பி.எஸ்.ஏ. என்பது அதன் பெயர். ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் அது 4 நனோகிராமுக்கு மேற்பட்டால் மேலும் ஆராய்வது நெடுநாள் வழக்கம். ஒரு நனோகிராம், கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு!

இத்துணைச் சிறிய அளவை அறிவது எங்ஙனம்? இதற்கெனவே 'உயிர் உணரி' என்னும் கருவியை விஞ்ஞானிகள் உருவாக்கி வருகின்றனர். இவ்வினக் கருவிக்கு 1962ஆம் ஆண்டில் வித்திட்டவர்கள் லேலண்ட் கிளார்க், சாம்ப் லயன்ஸ் என்போர். இன்று நீரிழிவு நோயாளர் வீட்டிலேயே சர்க்கரை அளக்கும் கருவி அதன் வழித்தோன்றலே.

மெல்லிய பொன் தகட்டின்மேற் பிறபொருளெதிரிகளைப் பதித்து வைக்கின்றனர். பிரட்டுக்களத்திற் பேர் கூப்பிட்டால் உரியவர் மட்டும் முன்வருவதுபோல, இரத்தத்திலுள்ள எண்ணற்ற பொருள்களுள் பி.எஸ்.ஏ. மட்டுமே அவற்றோடு பிணைகின்றது. உடனே தகட்டில் ஓடும் மின்னோட்டம் மாறுகின்றது. அம்மாற்றமே அளவைக் காட்டுகின்றது. இத்தகைய உணரிகளுட் பல இன்னும் ஆய்வுகூடங்களிலேயே உள்ளன. எனினும், விரல்நுனி இரத்தத்திற் பி.எஸ்.ஏ.யை அளக்கும் வேறொரு வகைச் சிறு கருவிக்கு 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

டிக்கோயாவில் 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை 2017ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஆயினும் புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கண்டிக்கோ மகரகமவுக்கோ செல்லவேண்டியவர்களுக்கு, தோட்டத்திலேயே முதற் சோதனை நடைபெறுமாயின் எத்துணை அலைச்சல் குறையும்!

ஒன்றை மறத்தல் ஆகாது. கிருமித்தொற்றாலும் சாதாரண வீக்கத்தாலும் பி.எஸ்.ஏ. உயரும், ஆதலால் எண்ணைக் கண்டு நடுங்கவேண்டா. அதன் பொருளை வைத்தியரே கூறவேண்டும்.

மாணவர்களே, கருவியை ஆக்கும் அறிவை நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். அது வந்து சேரும்வரை, இன்றிரவே வீட்டுப் பெரியவரின் அருகமர்ந்து அன்போடு ஒரு கேள்வி கேளுங்கள். அவர் வாய் திறந்தாலன்றி, எந்த நுண்கருவியும் அவருக்கு உதவமாட்டாது.