மெழுகுப் பனையும் மஞ்சள் காதுக் கிளியும்

தென் அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள கொலம்பியா தேசத்தில், ஆண்டீஸ் மலைச் சாரல்களிலே ஓர் அதிசயப் பனை வளருகிறது. அதன் அடிமரத்தின்மேல் வெண்மையான மெழுகு படிந்திருப்பதால் மெழுகுப் பனை என்று பெயர். 150 அடிக்கு மேலும் ஓங்கி வளரும் இதைவிட உயரமான பனை உலகில் வேறு கிடையாது. 1801-ம் வருஷத்தில் இம்மலைகளைக் கடந்து சென்ற ஹம்போல்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் இம்மரங்களைக் கண்டு பிரமித்துப் போனார்.

இப்பனையையே நம்பி உயிர் வாழும் பக்ஷி ஒன்று உண்டு. அதுதான் மஞ்சள் காதுக் கிளி. உடலெல்லாம் பச்சை, நெற்றியிலும் காதோரத்திலும் பளிச்சென்ற மஞ்சள். பட்டுப்போன பனையின் பொந்தில்தான் அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். மேகம் சதா தவழும் அந்தக் கானகத்தில், மூடுபனி இலைகளில் படிந்து, துளித்துளியாகச் சொட்டி, ஊற்றுக்களுக்கு நீர் அளிக்கிறது. அத்தகைய காட்டை மாட்டு மேய்ச்சலுக்காக வெட்டி அழித்தார்கள். கிளிகளைச் சுட்டுத் தின்றவர்களும் உண்டு.

காட்டை அழித்தவர்கள் போதாதென்று, பனைக்குப் பக்தியும் யமனாக வந்து சேர்ந்தது! கொலம்பியா கத்தோலிக்க மதம் வேரூன்றிய நாடு. குருத்தோலை ஞாயிறன்று ஆலயத்துக்கு ஏந்திச் செல்ல, ஜனங்கள் இளம் மெழுகுப் பனைகளின் குருத்தை வெட்டினார்கள். குருத்தை இழந்த கன்று பிழைப்பது எப்படி? 1985-ல் சர்க்கார் இப்பனையைத் தேசிய விருக்ஷமாக்கி, அதை வெட்டக் கூடாதென்று சட்டமும் செய்தது. ஆனால் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

மஞ்சள் காதுக் கிளி அடியோடு அழிந்துவிட்டதோ என்று அஞ்சியிருந்த சமயத்தில், 1999-ல், தொலீமா மாகாணத்து மலைகளில் 81 கிளிகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றைக் காப்பாற்றும் பொறுப்பை ப்ரோஅவெஸ் என்னும் கொலம்பிய ஸ்தாபனம் ஏற்றது. அதன் ஊழியர்கள் ஜனங்களின் பக்தியைப் பழிக்கவில்லை. பாதிரிமார்களையே துணைக்கு அழைத்தார்கள். பண்டிகைக்கு வேறு பனைகளின் ஓலையை ஏந்தும்படி ஆலயங்களிலேயே போதிக்கச் செய்தார்கள். கிளிச் சித்திரம் தீட்டிய பஸ் ஒன்று ஊர் ஊராகச் சென்று குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிற்று. கிளிகளுக்கு மரப்பெட்டிக் கூடுகள் அமைத்தார்கள், பனங்கன்றுகளும் நட்டார்கள்.

பத்தே ஆண்டுகளில் கிளிகளின் தொகை ஆயிரத்தைத் தாண்டியது! 2010-ல், அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினங்களின் வரிசையிலிருந்து ஒரு படி மேலேற்றி, அதன் ஆபத்து குறைந்திருப்பதாகச் சர்வதேசப் பட்டியலில் பதிவு செய்தார்கள்.

ஆயினும் கவலை முற்றும் தீர்ந்தபாடில்லை. கிந்தியோ மாகாணத்தின் கொக்கோரா பள்ளத்தாக்குக்குச் செல்லும் யாத்ரீகர்கள் பசும்புல் வெளியில் நெடிதோங்கி நிற்கும் பனைகளைப் படம் பிடித்து மகிழ்கிறார்கள். அந்த அழகான காட்சியில் ஒரு சோகம் மறைந்திருக்கிறது. அம்மரங்கள் வாரிசு இல்லாத முதியோர்கள்! கீழே விழும் விதை முளைத்தாலும் மாடு மேய்ந்துவிடும். தப்பியதை வெயில் வாட்டிவிடும். காட்டின் நிழல் இருந்தால்தான் கன்று பிழைக்கும். மெதுவாக வளரும் இப்பனைக்கு அடிமரம் தோன்றவே பல ஆண்டுகள் வேண்டும்.

ஆகவே, இன்று வேலி கட்டிக் கன்றைக் காக்கும் குடியானவன், அதன் பொந்தில் கிளி கூடு கட்டுவதைக் காண மாட்டான். அவனுடைய பேரன் பேத்திகள் காணலாம். மரத்தைத் தேசிய விருக்ஷமாக்க ஒரு சட்டம் போதும்; அது தழைப்பதற்கோ, இத்தகைய குடியானவர்கள் ஆயிரம் பேர் வேண்டும்.