தானா ராத்தா வாக்காளருக்கு இரண்டு பிரதிநிதிகள்: எதற்கு யாரைக் கேட்பது?

தானா ராத்தா வாக்காளர்களுக்கு இரண்டு மக்கள் பிரதிநிதிகள் உண்டு. ஒருவர் தானா ராத்தா சட்டமன்ற உறுப்பினர். மற்றவர், தானா ராத்தா, ஜெலாய் ஆகிய இரு சட்டமன்றத் தொகுதிகளையும் உள்ளடக்கிய கேமரன் மலை நாடாளுமன்ற உறுப்பினர்.

இருவரின் பொறுப்பும் வேறு. நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளது. எனவே வீட்டுமனை, கோயில் நிலம் தொடர்பான கோரிக்கை சட்டமன்ற உறுப்பினர் வழி குவாந்தானுக்குப் போக வேண்டும். தமிழ்ப்பள்ளி, குடியுரிமை, அடையாள அட்டை ஆகியவை கூட்டரசின் பொறுப்பு. அவற்றுக்கு நாடாளுமன்ற உறுப்பினரை நாட வேண்டும்.

மலாய்க்காரர், சீனர், பூர்வகுடியினர், இந்தியர் கலந்து வாழும் இந்த நாடாளுமன்றத் தொகுதியில் எந்த இனத்தாரும் பாதிக்கு மேல் இல்லை. 2013இல் மஇகாவின் ஜி.பழனிவேல் 462 வாக்குகளில்தான் வென்றார். 2018இல் சி.சிவராஜின் பெரும்பான்மை 597. அந்த வெற்றியை நீதிமன்றம் ரத்து செய்ததால் 2019 ஜனவரி 26இல் இடைத்தேர்தல் நடந்தது. அதில் தேசிய முன்னணியின் ரம்லி முகமட் நோர் 3,238 வாக்குகள் பெரும்பான்மையில் வென்று, மக்களவைக்குத் தேர்வான முதல் பூர்வகுடி உறுப்பினரானார்.

சில தோட்டங்களின் வாக்குகளே முடிவை மாற்றக்கூடிய தொகுதி இது. அந்த பலம் தேர்தல் நாளோடு முடிந்துவிடக் கூடாது. அடுத்த மனுவை எழுதும்முன், அது யாருடைய பொறுப்பு என்று பார்த்து உரியவரிடம் கொடுங்கள்.