உப்புக் காற்றும் குளிர்சாதனப் பெட்டியும்

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் கண்டவர்கள், அங்குள்ள சிற்பங்களின் முகங்கள் மழுங்கிப் போயிருப்பதையும் கண்டிருப்பர். அது உப்புக் காற்றின் வேலை. கல்லில் ஊறிய உப்பை உறிஞ்சி எடுக்கத் தொல்லியல் துறையினர் அதன்மேல் காகிதக் கூழை அப்ப வேண்டியதாயிற்று. கல்லையே அரிக்கும் அந்தக் காற்று, கோவளம் முதல் கல்பாக்கம் வரை நம் சமையலறைகளுக்குள்ளும் வீசுகிறது. அங்கே உலோகக் குழாய்களோடு நிற்கும் குளிர்சாதனப் பெட்டியை மட்டும் அது விட்டுவைக்குமா?

“கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும்” என்று கூறப்படுவதைக் கேளாத இல்லத்தரசிகள் குறைவு. அடுப்பு வாயுவைப் போல் இது எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்க்குள் ஆவியாகியும் திரவமாகியும் ஆண்டுக்கணக்கில் அதே வாயுதான் சுற்றி வருகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்பதே பொருள். ஓட்டையைக் கண்டறிந்து அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்பினால், அந்தப் பணமும் வாயுவோடு சேர்ந்து வெளியேறிவிடும். எனவே பழுது பார்க்க வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, “எவ்வளவு ஆகும்?” என்பதன்று, “கசிவு எங்கே?” என்பதே.

பெட்டி சரியாகக் குளிராததற்கு வாயு காரணமாக இல்லாத வேளைகளும் பல உண்டு. உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்றுவதே இக்கருவியின் பணி. பழைய மாதிரிகளில் பின்புறம் தெரியும் கருநிறக் கம்பிச் சுருள் வழியாகவே வெப்பம் வெளியேறுகிறது. அதன்மேல் தூசியும் உப்பும் படிந்தால் வெப்பம் உள்ளேயே தங்கும், கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடும், மின்கட்டணமும் ஏறும். உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்வதால் துருவும் விரைவில் பிடிக்கும். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்கு உலர்ந்த பின் மின்சாரம் கொடுங்கள். கம்பித் தூரிகை வேண்டாம். வண்ணப்பூச்சு உரிந்தால் துருவுக்கு நாமே வழிவிட்டதாகும். புதிய பெட்டிகள் பலவற்றில் இச்சுருள் பக்கச் சுவர்களுக்குள் மறைந்திருக்கும். அவை தொட்டால் சுடுவது இயல்பே. காற்றோட இடம் விட்டால் போதும்.

அடுத்தது கதவின் ரப்பர் விளிம்பு. ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் குளிர் அவ்வழியே கசிகிறது. சோப்பு நீரால் அழுக்கை நீக்கி, வெந்நீர்த் துணியால் ஒற்றி எடுத்தால், வளைந்த ரப்பர் பெரும்பாலும் நேராகும். கிழிந்திருந்தால் மாற்றுவதே வழி. காய்கறித் தட்டின்கீழ் நீர் தேங்கினால், உட்சுவரின் அடியிலுள்ள சிறு வடிகால் துளை அடைபட்டிருக்கும். வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாக விட்டால் திறந்துகொள்ளும்.

நோன்பு மாதத்தில் சர்பத்துக்காக அவசரமாக ஐஸ் எடுக்கையில்தான் பெருந்தவறு நிகழ்கிறது. ஒட்டிக்கொண்ட தட்டைக் கத்தியால் நெம்புகிறோம். ஃபிரீசரின் மெல்லிய அலுமினியச் சுவருக்குள்தான் வாயுக் குழாய் ஓடுகிறது. ஒரு கீறலில் பெட்டியே வீணாகலாம். சற்று நேரம் மின்சாரத்தை நிறுத்தினால் தட்டு தானே விடும். உறைபனி அரை சென்டிமீட்டரைத் தாண்டுமுன் முழுவதும் உருகவிடுவது நலம். தானாக ஐஸ் செய்யும் கருவி உள்ளவர்கள், கட்டிகள் சிறுத்துப் போனால் நீர் நுழையும் வடிகட்டியைப் பாருங்கள். உவர்நீர் உள்ள ஊர்களில் சுண்ணாம்பு படிந்து நீர்வரத்து குறைவது வழக்கம்.

ஹஜ்ஜுப் பெருநாளன்று “ஃபிரிட்ஜ் கெட்டுவிட்டது” என்ற புகார் எழுவதுண்டு. பல நேரம் அது கெட்டிருக்காது. அறுத்த சூடு ஆறாத இறைச்சியைப் பெரிய பொதிகளாக ஒரே வேளையில் திணித்தால், எந்தப் பெட்டியும் திணறும். சிறு தட்டையான பொட்டலங்களாக, இடைவெளி விட்டு, பகுதி பகுதியாக வையுங்கள். குர்பானி இறைச்சியை மூன்று நாள்களுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்று வறியோர் நலன் கருதி ஒருமுறை தடுத்த நபி (ஸல்) அவர்கள், பின்னர் சேமித்துக்கொள்ள அனுமதித்தார்கள் என்று ஹதீஸ்களில் காண்கிறோம். உறவினர்க்கும் ஏழைகளுக்கும் உரிய பங்கை முதலில் அனுப்பிவிட்டால் பெட்டியின் சுமையும் குறையும்!

இனி, நாம் கைவைக்கலாகாத இடங்கள். கதவைத் தொட்டால் ‘சுருக்’கென்று மின்சாரம் உறைத்தால், பெட்டியைத் தொடாமல் மெயின் சுவிட்சை நிறுத்தி, எலக்ட்ரீஷியனை அழையுங்கள், எர்த் இணைப்பில் பழுதிருக்கலாம். கம்ப்ரசரையும் வாயுக் குழாய்களையும் பயிற்சி பெற்றவரே தொட வேண்டும். ஓசோன் படலத்தைக் கெடுத்த ஆர்-12 வாயு, 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரீல் உடன்படிக்கையால் கைவிடப்பட்டது. இந்தியாவிலும் 2010க்குள் அதன் உற்பத்தி நின்றது. இன்றைய பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்-600ஏ, சமையல் வாயுவுக்கு உறவானது; தீப்பற்றக்கூடியது. கம்ப்ரசர் அருகிலுள்ள சீட்டில் அப்பெயர் இருந்தால், வாயுவைப் பாதுகாப்பாக வெளியேற்றாமல் எவரையும் தீச்சுடரால் பற்றவைக்க விடாதீர்கள்.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தபோது, கரையோர ஊர்கள் இருளில் மூழ்கின. அத்தகைய வேளையில் கதவைத் திறவாதிருந்தால் கீழ்ப்பகுதி சுமார் 4 மணி நேரமும், நிறைந்த ஃபிரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிர் காக்கும். மின்சாரம் திரும்பியதும் உடனே சுவிட்சைப் போடாமல் ஐந்து நிமிடம் பொறுங்கள். குழாய்க்குள் அழுத்தம் சமன்படாமல் கம்ப்ரசர் கிளம்ப முயன்றால் மோட்டாருக்குக் கேடு. ஃபிரீசரைத் திறந்து பாருங்கள். இறைச்சியில் பனித்துகள் இன்னும் இருந்தால் மீண்டும் உறையவிடலாம். உருகி, வெதுவெதுப்பாகி, பல மணி நேரம் கிடந்தது என்றால், மணம் மாறாவிட்டாலும் அடுப்பில் ஏற்ற வேண்டாம்.