உங்களுக்குத் தெரியுமா? உப்புக்காற்றில் ஒரு போர் நினைவுச்சின்னம்

கோட்டுச்சேரி உள்ளிட்ட காரைக்கால் பகுதி, புதுச்சேரியைப் போலவே, 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. முதல் உலகப் போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938இல் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. இன்று பிரான்சுக்கு அந்த இடம் அயல்மண்; ஆனாலும் பிரான்சின் தேசிய நாளான ஒவ்வொரு ஜூலை 14இலும் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள்.

இத்தகைய கடலோரச் சின்னங்களுக்குப் பெரும்பகை உப்பு. ஈரத்தோடு கல்லின் நுண்துளைகளுக்குள் புகுந்து, காயும்போது படிகமாகி, மேற்பரப்பைப் பொடியாக உதிர்த்துவிடும். வெடிப்பில் சிமென்ட் அப்புவது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், கெடுதலே: ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லே சிதையும். முதலில் நன்னீரில் குழைத்த களிமண் பற்றுப் போட்டு உப்பை உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு இணைப்புகளைச் சுண்ணாம்புக் காரையால் பூச வேண்டும். காரைக்கு நம் பழைய கொத்தனார்களின் கைப்பக்குவம் தேவை.

பராமரிப்புக்கு ஒரு முன்மாதிரியும் உண்டு: பிரான்சின் நெவ் ஷாப்பெல்லில் 1927இல் திறக்கப்பட்ட நினைவகத்தில் அதே போரில் மாண்ட 4,700க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள், தொழிலாளர்களின் பெயர்கள் உள்ளன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அதைப் பராமரிக்கிறது. அதுபோன்ற நிலையான பராமரிப்பு நம் கடலோரச் சின்னங்களுக்கும் வேண்டும்.