இருதயம் தனக்கென எடுத்துக்கொள்வது

கை முட்டியளவே உள்ள தசைப்பை. நிறையோ ஏறக்குறைய 300 கிராம். நிமிடத்துக்கு 70 தடவை சுருங்கி விரிந்து, அந்த ஒரு நிமிடத்திலேயே சுமார் 5 லீற்றர் இரத்தத்தை உடலெங்கும் அனுப்பிவிடுகின்றது. இரத்தம் சுற்றியோடுகிறதென்பதை வில்லியம் ஹார்வி 1628ஆம் ஆண்டு நூலாக வெளியிடும்வரை, ஈரலில் ஓயாது ஆக்கப்படும் இரத்தம் உறுப்புகளிலே செலவாகித் தீர்ந்துவிடுகிறது என்றே ஐரோப்பிய வைத்தியர் நம்பியிருந்தனர்.

இத்தனை இரத்தம் தன்னூடே பாய்ந்தும், இருதயத்தின் தசை அதனை நேரே பருகுவதில்லை. பெருநாடியின் அடியிலே கிளைக்கும் இரு முடியுருநாடிகளே அதற்கு ஊட்டமளிக்கின்றன. அதுவும், சுருங்கும்போது தன் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்வதால், தளர்ந்திருக்கும் கணத்திலேதான் இடப்பக்கத் தசை தன் பங்கின் பெரும்பகுதியைப் பெறுகின்றது. ஊருக்கெல்லாம் சோறிட்டவள் கடைசியில் உண்பதுபோல!

சிறுவயதிலே தொண்டை நோவைத் தொடரும் மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வுகள் பழுதாவதுண்டு. உயர் இரத்த அழுத்தத்தால் தசை தடிப்பதுமுண்டு. ஆனால், நேற்றுவரை நடமாடியவரைத் திடீரெனச் சாய்ப்பது பெரும்பாலும் மாரடைப்பே. முடியுருநாடியின் உட்சுவரிலே கொழுப்புப் படிவு பல்லாண்டுகளாகத் தடித்து வருகின்றது. ஒருநாள் அது வெடிக்க, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து வழியை மூடிவிடுகின்றது. அப்பாலுள்ள தசை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இறக்கத் தொடங்கும்.

நம்மவரோ நெஞ்சு நோவென்றதும் வாய்வு என்பர், வேர்க்கொம்பு அவிப்பர், விடியட்டும், பார்ப்போம் என்பர். நெஞ்சை அமுக்கும் நோவு இடத் தோளுக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையும் மூச்சுமுட்டலும் சேருமாயின், வாய்வென்ற பேச்சுக்கே இடமளித்தலாகாது. நீரிழிவுடையோருக்கு நோவே தோன்றாமலும் போகலாம். உறைந்த கட்டியைக் கரைக்கும் மருந்து இன்று உண்டு. அடைபட்ட குழாயைத் திறக்கும் முறையும் உண்டு. இரண்டும் நேரத்தோடு ஆஸ்பத்திரி சேர்ந்தவருக்கே பெரும் பயன் தருவன. இறந்த தசையை மீட்கும் மருந்து இன்னும் இல்லை. அவ்விடம் வெறுந் தழும்பாகவே எஞ்சும்.